ஒரு மகர ஒற்று

இங்கிலீஷ் இலக்கணம் கல்வெட்டாகவே பிறந்துவிட்டது என்று நம்மில் பலருக்கு ஒரு நினைப்பு. ‘யார்’ என்பதற்கு ‘ஹூ’; ‘யாரை’ என்பதற்கு ‘ஹூம்’. நடுவில் நிற்பது ஒரே ஒரு மகர ஒற்று. ஆனால் அதன் பூர்வோத்தரம் வேறு.

‘நேற்று வந்த மனிதன்’ என்று நாம் ஒரு எச்சத்தைப் போட்டுச் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கோ மனிதனையும் அவன் வந்ததையும் முடிச்சுப் போட ஒரு தனிச் சொல் வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ‘ஹூ’ கேள்வி கேட்பதோடு சரி. முடிச்சுப் போடுகிற உத்தியோகம் அதற்கு இல்லை. அந்த வேலையைப் பார்த்த பழைய குடும்பத்தில் மிஞ்சியது ‘தட்’. பிறகுதான் ‘விச்’சும் ‘ஹூமு’ம் மெல்ல உள்ளே நுழைந்தன. ‘ஹூ’ வந்து சேர்ந்தது கடைசியில். வேடிக்கை என்னவென்றால், 1711-ல் ‘ஸ்பெக்டேட்டர்’ பத்திரிகையில், ‘தட்’ எங்கள் இடத்தைப் பிடுங்கிக்கொண்டது என்று ‘ஹூ’வும் ‘விச்’சும் மனுப் போடுவதாக ஒரு கட்டுரை வந்தது. குடியிருக்க வந்தவன் வீட்டுக்காரன் மேல் பிராது கொடுத்த கதைதான்!

1611-ல் வெளியான பைபிளில் ஆண்டவனையே ‘விச்’ என்று குறித்தார்கள். யாரும் குற்றம் சொல்லவில்லை. 1762-ல் ராபர்ட் லவுத் என்ற பாதிரியார் ஓர் இலக்கணம் எழுதினார். பிற்பாடு லண்டன் பிஷப் ஆனவர். பெரிய எழுத்தாளர்களின் பிழைகளையெல்லாம் அடிக்குறிப்பில் பிடித்துப் போட்டார். ‘ஹூம்’ விஷயத்தில் பைபிளைக்கூட அவர் விடவில்லை. இப்படிப்பட்ட புத்தகங்கள்தாம் வழிவழியாகப் பள்ளிக்கூடத்துப் பிரம்பாயின.

அந்தப் பிரம்பை நான் பார்த்திருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில், ‘யாரைப் பார்த்தாய்?’ என்பதற்கு ‘ஹூ’ போட்டான் என்று ஒரு பையனைப் பீரியட் முடியும்வரை நிற்க வைத்தார்கள். கணக்கில் அவன் புலி. அதற்கப்புறம் அவன் இங்கிலீஷில் வாய் திறந்து நான் கேட்டதே இல்லை.

அவன் சொன்னதைத்தான் இங்கிலாந்தில் கடைவீதியிலும் வீட்டிலும் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஷேக்ஸ்பியரும் எழுதியிருக்கிறார். இன்னும் இருநூறு வருஷத்தில் படித்த வக்கீல்கூட அந்தக் கேள்வியில் ‘ஹூம்’ சொல்லமாட்டார் என்று 1921-லேயே எட்வர்ட் சபீர் என்ற மொழியியல் அறிஞர் ஆரூடம் சொல்லிவிட்டார்.

இதையெல்லாம் என் பெண்ணிடம் உற்சாகமாகச் சொன்னேன். “அப்படியானால் பரீட்சையில் எதை எழுத?” என்றாள். ‘ஹூம்’ என்றே எழுதச் சொல்லியிருக்கிறேன். சபீர் வந்து மார்க்குப் போடப் போவதில்லையே!