இருபது முகப் பகடையும் சிவகாசி மருந்தும்

பகடை என்றால் நம்மூரில் தாயம்தான். திண்ணையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, பித்தளைத் தாயக்கட்டையை உருட்டி, ஒன்று விழுந்தால் ‘தாயம்’ என்று கத்திக்கொண்டு காயை உள்ளே இறக்குவோம். ஒன்றுக்கு அங்கே அவ்வளவு மரியாதை. நான் சொல்லப்போகும் விளையாட்டில் நிலைமை தலைகீழ். பகடைக்கு இருபது முகங்கள். எதிரியைத் தாக்கும்போதோ ஆபத்திலிருந்து தப்பிக்கும்போதோ ஒன்று விழுந்தால், கதை முடிந்தது!

இதன் பெயர் ‘டி20 மாடர்ன்’. கிரிக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இருபது முகப் பகடையைத்தான் டி20 என்கிறார்கள். ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரில் சிறுவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுவார்களே, ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’, அதன் உறவுக்கார விளையாட்டு. 1974-ல் வந்த அந்த மூல விளையாட்டில் வாளும் மந்திரமும் டிராகனும் இருக்கும். 2002-ல் ‘விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்’ நிறுவனம் வெளியிட்ட டி20 மாடர்னில் கார், துப்பாக்கி, செல்போன், சம்பளம் என்று நம் காலத்து உலகம் இருக்கும். ஒருவர் கேம் மாஸ்டராகக் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள், முடிவெடுப்பார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

புத்தகம் இப்போது பழசாகிவிட்டது. ஆனால் விதிகளின் பெரும்பகுதியை அப்போதே யாரும் பயன்படுத்தலாம் என்று இலவசமாக வெளியிட்டுவிட்டார்கள். அதைப் பிரின்ட் எடுத்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டு, சென்னையிலிருந்து விருதுநகருக்குக் கொண்டுபோனேன். தீபாவளி முடிந்து பட்டாசு ஆலைகள் பூட்டிக்கிடக்கும் நாள்கள் அவை. எங்கள் மாவட்டத்தில் நண்பர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சும்மா இருப்பது அப்போது மட்டும்தான்.

ஆறு வகை ஹீரோ

மொட்டை மாடியில் நாங்கள் நான்கு பேர். நான் கேம் மாஸ்டர். சிவகாசி ஆப்செட் பிரஸ் ஒன்றில் காலண்டர் டிசைன் செய்யும் பள்ளித்தோழன் ஒருவன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடும் இன்னொருவன். அப்புறம் அவனுடைய அக்கா. பி.எட் முடித்தவர். அவர்களுடைய அம்மா இருபது வருடமாகப் பட்டாசு ஆலைக்குப் போகிறவர். நடுவில் விருதுநகர் எண்ணெய் புரோட்டா. அது இல்லாமல் எங்கள் ஊரில் எந்தக் கூட்டமும் கூடாது.

இந்த விளையாட்டில் முதலில் நீங்கள் எப்படிப்பட்ட ஹீரோ என்று தேர்ந்தெடுக்க வேண்டும். பலசாலி, வேகமானவர், தாக்குப்பிடிப்பவர், புத்திசாலி, அர்ப்பணிப்புள்ளவர், வசீகரமானவர் என ஆறே வகை. “சூப்பர்டா, யாரு என்னன்னு உடனே புரியுது” என்றான் பாலிடெக்னிக். டிசைனருக்கோ பிடிக்கவில்லை. “மனுஷன்னா ஒரே குணமா மாப்ள? எங்க முதலாளி காலையில வசீகரம், சாயங்காலம் பலசாலி” என்றான். பல வகைகளைக் கலந்துகொள்ளலாம் என்று விதியைக் காட்டினேன். “அப்ப எதுக்கு ஆறு டப்பா?” என்று கேட்டான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. உலகம் முழுக்க இதை விளையாடியவர்கள் சொன்ன நிறையும் குறையும் கிட்டத்தட்ட இவைதான். கற்றுக்கொள்வது சுலபம். ஆனால், ஆரம்பத்தில் எல்லா பாத்திரமும் கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

அடுத்தது தொழில். பணம் விஷயத்தில் இந்த விளையாட்டு செய்யும் வேலை சுவாரஸ்யமானது. கையில் எத்தனை ரூபாய் இருக்கிறது என்ற கணக்கே கிடையாது. ‘செல்வ எண்’ என்று ஒன்று இருக்கும். பொருள் வாங்க வேண்டுமென்றால் பகடையை உருட்டி அந்த எண்ணைக் கூட்ட வேண்டும். பொருளின் விலை எண்ணைத் தொட்டால் வாங்கிவிடலாம். விலை உங்கள் செல்வ எண்ணுக்குள் இருந்தால் உருட்டவே வேண்டாம். பெரிய பொருள் வாங்கினால் செல்வ எண் குறையும். உடல் உழைப்புத் தொழிலாளிக்கு ஆரம்பத்தில் கூடுதலாகக் கிடைப்பது 2. தொழில்முனைவோருக்கு 4. வேலை வெட்டி இல்லாத பணக்காரப் பிள்ளைக்கு 6. செய்தியாளர் வரும் ‘புலனாய்வு’ பிரிவுக்கும் 2-தான். “ஃபேக்டரிக்குப் போறவங்களும் நீயும் ஒண்ணுதான்டா!” என்று மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பட்டியலைப் போட்டவர் சம்பளச் சீட்டு பார்த்தவர்தான்!

அக்கா மட்டும் கேட்டார், “இதுல கடன் எங்க தம்பி இருக்கு?” தேடிப் பார்த்தோம். பொருள் வாங்க சக பாத்திரம் கைகொடுக்கலாம் என்று இருக்கிறது. ஆனால் வாராவாரம் சனிக்கிழமை சம்பளத்தில் பிடிக்கிற முன்பணம், மகளிர் குழுத் தவணை, சீட்டு ஆகியவற்றுக்கு இந்தப் புத்தகத்தில் இடமில்லை. “கடன் இல்லாத தொழிலாளியா? அப்ப இது டிராகன் கதைதான்” என்றார் அக்கா.

வெடித்தது ஒரு விதி

கதையை நான் சாத்தூர்ப் பக்கம் கற்பனையான ஒரு கிராமத்தில் வைத்திருந்தேன். கடத்தல் கும்பலைத் துரத்தும் கதை. நடுவில் ஒரு சுவரை உடைத்துக்கொண்டு போக வேண்டிய கட்டம். புத்திசாலி ஹீரோவாக விளையாடிய பாலிடெக்னிக் தம்பி உற்சாகமாக, “நான் மருந்து கலக்குறேன்” என்றான். அதற்கும் விதி இருக்கிறது. வேதிப்பொருள் தயாரிக்கும் திறனோடு பகடை எண்ணைக் கூட்ட வேண்டும். இலக்கைவிட 5 அல்லது அதற்கு மேல் குறைந்தால், கலக்கும்போதே வெடிக்கும். சேதத்தில் பாதி, கலப்பவருக்கும் சுற்றி நிற்பவர்களுக்கும்.

நான் விதியைப் படித்து முடித்ததும் மாடியில் சத்தமே இல்லை. அவன் கையில் இருந்த பகடையை அக்கா வாங்கிக் கீழே வைத்தார்.

“இது வேண்டாம்டா. அம்மா கீழ தூங்குது.”

டிசைனருக்கு வருத்தம். “அக்கா, கதையில டிராகன் ஆளை முழுங்குனா ஒண்ணும் சொல்ல மாட்டோம். இதுவும் கதைதானே?” என்றான். தம்பி வேறு மாதிரி சொன்னான். “நம்ம ஊர்க்கதைன்னு சொல்லிட்டு மருந்தைத் தொடாம எப்படி விளையாடுறது? சினிமாவுலயும் நம்மளைக் காட்ட மாட்டாங்க, நாமளும் காட்ட மாட்டோமா?” இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

அக்கா கொஞ்ச நேரம் அந்த விதியை மறுபடி மறுபடி படித்தார். பிறகு சொன்னது இது: “வெடிக்கிறதைப் பத்தி விளையாடக் கூடாதுன்னு சொல்லலை. இந்த விதி பொய் சொல்லுது. கலக்குறவனுக்குத் திறமை பத்தலை, அதனால வெடிச்சுதுன்னு சொல்லுது. அம்மாவுக்கா திறமை இல்ல?”

செய்தித் தளத்தில் வேலை பார்ப்பவனுக்கு இந்த வாக்கியம் உறைக்காமல் இருக்குமா? ‘மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு வெடி விபத்து’ என்பது எங்கள் மாவட்டச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும் வரி. உராய்வு உண்மை. ஆனால் அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், மரத்தடியில் மருந்து காய்ந்ததா, உரிமம் யார் பெயரில், வேலை வாங்கியது யார் என்பதெல்லாம் அந்த வரிக்கு வெளியே நிற்கும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சத்தம் கேட்டு உதவிக்கு ஓடி வந்தவர்களும் அதில் உண்டு. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் இருபது பேருக்கு மேல் இறந்தபோது, உள்குத்தகை பற்றிய பேச்சு பெரிதாக எழுந்தது. இதில் எதையும் ஒற்றை ஆளின் கைத்திறனாகச் சுருக்க முடியாது.

இந்த விளையாட்டில் வேகமானவர் பகடை உருட்டி வெடிச் சேதத்தைப் பாதியாக்கலாம். ஒரே அடியில் சேதம் உடல்வலிமை எண்ணைத் தாண்டினால், இன்னொரு உருட்டல். அதிலும் தோற்றால்தான் உயிருக்குப் போராடும் நிலை. சினிமா ஹீரோவுக்கு இது சரி. நான்கு சுவருக்குள் மருந்தோடு உட்கார்ந்திருப்பவருக்கு எந்த வேகமும் உதவாது.

அக்கா போட்ட விதி

அன்று விளையாட்டை நிறுத்தவில்லை. அக்கா ஒரு நோட்டை எடுத்தார். மருந்து கலக்கும் கட்டம் வந்தால், பகடையைத் தொடும் முன் ஐந்து கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அறையில் எத்தனை பேர்? வெயில் ஏறிவிட்டதா? நேற்றைய மிச்ச மருந்து இருக்கிறதா? உரிமம் வாங்கியவர்தான் ஆலையை நடத்துகிறாரா? ஆர்டரை முடிக்கச் சொல்லி யார் நெருக்குகிறார்கள்? ஒவ்வொரு தவறான பதிலுக்கும் இலக்கு எண் 5 கூடும். கலப்பவருடைய திறன் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் சரி.

கூட்டிப் பார்த்தோம். ஐந்துமே தவறாக இருந்தால் இலக்கு 25 ஏறிவிடும். இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தாலும் அந்த ஏற்றத்தை ஈடுகட்ட முடியாது.

“இப்ப சரியா இருக்கு” என்றார் அக்கா.

“நாம விளையாட வந்தோமா, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தோமா?” என்று டிசைனர் முனகினான். அவன் சொன்னதும் தப்பில்லை. அதன் பிறகு கதை ஆமை வேகத்தில்தான் போனது. கடத்தல் கும்பல் தப்பித்தே போய்விட்டது. ஹீரோக்கள் சுவரை உடைக்கவில்லை. அதற்குப் பதிலாக, பக்கத்து ஷெட்டில் இருந்தவர்களை வெளியே அழைத்து வந்தார்கள். அதற்கு வசீகரமான ஹீரோதான் தேவைப்பட்டார். வேலையை விட்டு எழுந்தால் அன்றைய கூலி போய்விடும் என்று பயந்த தொழிலாளிகளைப் பேசிச் சம்மதிக்கவைப்பது சாதாரண வேலையா? டிசைனரே அந்தக் கட்டத்தில் பகடையை இரண்டு கையிலும் பொத்திக் குலுக்கினான்.

டி20 மாடர்ன் நல்ல விளையாட்டா என்று என்னைக் கேட்டால், நேராகப் பதில் சொல்ல மாட்டேன். தொழில், சம்பளம், நகரம் எல்லாம் வைத்து ‘இது உங்கள் உலகம்’ என்று அது அழைக்கிறது. உள்ளே போனால் அமெரிக்க ஆக்‌ஷன் படத்தின் உலகம். ஆனால் விதிகள் வெளிப்படையாக எழுதப்பட்டிருப்பதால், எந்த விதி நம்மைப் பற்றித் தவறாகச் சொல்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறது. அடித்துவிட்டுப் புதிதாக எழுதவும் முடிகிறது. பரமபதத்தில் பாம்பின் வாயில் விழுந்தால், ‘ஏன் இங்கே பாம்பு?’ என்று நாம் கேட்பதில்லை. இதில் கேட்கலாம். வீட்டில் பிள்ளைகளோடு விளையாடிப் பார்க்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: புத்தகத்தை அப்படியே நம்ப வேண்டாம். உங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்பவரை ஒரு சுற்று பக்கத்தில் உட்காரவையுங்கள்.

ஆலைகள் பூஜை போட்டுத் திறக்கும் முன், கடைசி நாள் ஆட்டத்துக்கு அக்கா தனக்கென்று ஒரு பாத்திரம் எழுதினார். நாற்பத்தைந்து வயது, பட்டாசுத் தொழிலாளி, செல்வம் 2. என்ன வகை ஹீரோ என்ற இடத்தில் தாக்குப்பிடிப்பவர் என்று எழுதி, அடித்துவிட்டுப் புத்திசாலி என்று எழுதியிருந்தார்.