நூல் விட்ட கதை

ராஜபாளையத்தில் இறங்கி, "நல்ல நூல் எங்கே கிடைக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். "நாற்பதா, அறுபதா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஸ்பின்னிங் மில் ஊர், ஸார். நூல் என்றால் கோனில் சுற்றியது; நம்பர் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

அதற்காக எங்களைப் படிக்காத கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா எங்க ஊர்க்காரர். சொந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்துவிட்டார். அதுதான் காந்தி கலை மன்றம். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரோ இன்னும் ஒரு படி மேல். அங்கே இருக்கும் பென்னிங்டன் நூலகம் 1875-ல் ஆரம்பித்தது. மெட்ராஸ் கன்னிமரா 1896-ல்தான் திறந்தார்கள். ஆக, கன்னிமராவுக்கு எங்க பக்கத்து ஊர் லைப்ரரி 21 வயசு மூத்த அண்ணன்! பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு வந்தபோது ஊரே கொண்டாடியது. அண்ணனைப் பற்றி யாராவது மூச்சு விட்டார்களா? நானும் விட்டதில்லை. பால்கோவா தின்றுகொண்டிருந்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன்.

2006. அடியேன் பி.காம். இரண்டாம் வருஷம். காஸ்ட் அக்கவுன்டிங் மண்டையில் ஏறாததால் சாயங்காலம் ஸ்ரீவி.யில் ட்யூஷன். பஸ்ஸில் அரை மணி நேரம். மூன்றாவது ஸீட்டில், ஜன்னலோரம் தினமும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். கையில் பிரவுன் அட்டை போட்ட ஒரு தடிப் புத்தகம். பஸ் குலுங்கினாலும் பார்வை புத்தகத்தை விட்டு நகராது.

"மாப்ளே, இலக்கியப் பார்ட்டிடா. நீயும் ஒரு தடியான புக்கோட ஏறு. தானா பேசுவா" என்றான் நண்பன். (இப்போது அவன் எல்.ஐ.சி. ஏஜென்ட். நம்ப வைக்கும் திறமை அப்போதே இருந்தது.)

அப்பாவின் லைப்ரரி கார்டை எடுத்துக்கொண்டு எங்க ஊர் நூலகம் ஒன்றுக்குப் போனேன். எழுத்தாளர் பார்க்கவில்லை, தலைப்பு பார்க்கவில்லை. தடிமன் மட்டும் பார்த்து எடுத்தேன். ரிஜிஸ்டரில் எழுதியவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "தம்பி, இதையா?" என்றார். "ஆமா ஸார், ரொம்ப நாளா தேடினேன்" என்றேன்.

புத்தகத்தின் பெயர் 'ஆமுக்த மால்யதா'. கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய காவியம். தமிழில் மொழிபெயர்த்தவர் மு.கு. ஜகந்நாத ராஜா. இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரிந்தது, வெயிட் ஜாஸ்தி, கை வலிக்கிறது என்பது மட்டும்.

பத்து நாள் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அரை நிமிஷத்துக்கு ஒரு பக்கம் என்று கணக்காகப் புரட்டினேன். பதினோராம் நாள் அவளே திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணா..."

முதல் வார்த்தையிலேயே முதலுக்கு மோசம்!

"இது யார் எழுதினதுண்ணா?"

அட்டை என் உள்ளங்கையில் மறைந்திருந்தது. தெலுங்கு, ராஜ சபை என்று எங்கோ கண்ணில் பட்ட ஞாபகம். "தெனாலிராமன்" என்றேன்.

"இல்லண்ணா, கிருஷ்ணதேவராயர். ஒரு மார்க் கேள்வி" என்றாள். அவள் கையில் இருந்தது இலக்கியமில்லை, குரூப் ஃபோர் கைடு. அதோடு விட்டாளா? "எங்க ஊர் ஆண்டாள் கதைதானாமே! ஹம்பியில இருந்த ராஜா இதைப் போய் எதுக்குண்ணா எழுதினாரு?"

ட்யூஷனுக்கு இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கிவிட்டேன். மறுநாளிலிருந்து வேறு பஸ். புத்தகம் கட்டிலுக்கு அடியில் போயிற்று. திருப்பிக் கொடுக்கப் போனால் அந்தக் கண்ணாடிக்காரர், "எப்படி இருந்துச்சு தம்பி?" என்று கேட்டுவிட்டால்? இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று தள்ளித் தள்ளி, கணக்குப் பாஷையில் சொன்னால், வாராக்கடன் ஆகிவிட்டது.

அப்புறம் டிகிரி, சென்னை, நாலைந்து கம்பெனி. கடைசியில் இப்படிப் பத்திரிகைகளில் எழுதிப் பிழைப்பு. புத்தகங்களைப் பற்றியும் எழுதுகிறேன். பின்னட்டையை மட்டும் படித்துவிட்டு எழுதிய கட்டுரைகள் எத்தனை என்று எடிட்டருக்குத் தெரிய வேண்டாம்.

2024-ல் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். பத்து நாள் லீவில் ராஜபாளையம் போனேன். அப்பா மில் ஆபீஸில் கணக்கு எழுதியவர். வாரப் பத்திரிகை வந்தால் முதல் பக்கத்திலிருந்து, அச்சிட்ட பிரஸ்ஸின் அட்ரஸ் வரை விடாமல் படிப்பார். தொடர்கதைகளைக் கிழித்து, மில்லில் மிஞ்சிய நூலாலேயே தைத்து பைண்டு பண்ணி வைப்பார். அப்பேர்ப்பட்டவரைச் சும்மா உட்காரச் சொன்னால் எப்படி?

"டேய், எதையாவது வாசிச்சுக் காட்டு."

இரண்டு நாளில் வீட்டிலிருந்த பத்திரிகைகள் தீர்ந்துவிட்டன. (என் கட்டுரை ஒன்றையும் வாசித்தேன். "தூக்கம் வருது" என்றார்.) பழைய பைண்டு வால்யூம்களைத் தேடிப் பரணில் ஏறினேன். ட்ரங்குப் பெட்டியில் அடியோடு அடியாக அது இருந்தது! பிரவுன் அட்டை போட்டு, அப்பாவின் கையெழுத்தில் தலைப்பு. உள்ளே மஞ்சளாகிப் போன ஒரு ரசீது. 2007. தொலைந்த புத்தகத்துக்கு இரு மடங்கு விலை, 240 ரூபாய். அந்த வருஷம் என் செமஸ்டர் ஃபீஸுக்கே அவர் கடன் வாங்கியிருந்தார்.

இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன புத்தகம் என்று நான் சொல்லவில்லை. தடவிப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

"நோட்டீஸ் வந்துச்சு, கட்டிட்டேன். அப்புறமா கட்டிலுக்கு அடியில கிடைச்சுது. கொண்டு போனேன். கணக்கு முடிச்சாச்சு, நீங்களே வச்சுக்குங்கன்னுட்டாங்க."

"எங்கிட்ட ஏன்ப்பா கேக்கல?"

"நீ படிச்சிட்டிருக்கேன்னு நினைச்சேன்."

"பதினெட்டு வருஷமாவா?"

"கனமான புஸ்தகம்தானே."

"நீங்க படிச்சீங்களா?"

"எனக்கு எங்க நேரம்?"

அன்று ராத்திரியே ஆரம்பித்தோம். கலிங்கப் படையெடுப்பின்போது ராயர் கனவில் ஆந்திர விஷ்ணு வந்து, ஆண்டாளை மணந்த கதையைத் தெலுங்கில் சொல்லு என்கிறார். ராயரும் எழுதுகிறார். பஸ் பெண் கேட்ட கேள்விக்கு விடை புத்தகத்தின் முதல் சில பக்கங்களிலேயே இருக்கிறது, ஸார்! பத்து நாள் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வில்லிபுத்தூரை ராயர் ரசித்து ரசித்து வர்ணிக்கிறார். பெரியாழ்வார் மதுரைக்குப் போகிறார், ஆளவந்தார் வருகிறார், வெயில் காலம், மழைக் காலம் எல்லாம் வருகிறது. ஆண்டாள் மட்டும் வரவில்லை. மொத்தம் ஆறு ஆசுவாசம். கதாநாயகி ஐந்தாவதில்தான் என்ட்ரி! எந்த சினிமா புரொடியூஸர் சம்மதிப்பார்?

யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது. வில்லிபுத்தூர்க் கதை ஹம்பிக்குப் போய்த் தெலுங்காகி, சுமார் 500 வருஷம் கழித்து, வீட்டில் தெலுங்கு பேசும் ராஜபாளையத்து ராஜு ஒருவரால் தமிழாகிப் பக்கத்து ஊருக்கே வந்து சேர்ந்திருக்கிறது. ஜகந்நாத ராஜா பல மொழி கற்றவர். பிராகிருதத்திலிருந்து காதா சப்தசதியையும் தமிழுக்குக் கொண்டுவந்தவர். இந்தப் புத்தகத்துக்கு 1989-ல் மொழிபெயர்ப்புக்கான சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. 2008-ல் காலமானார். அவர் புத்தகத்தை நான் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு திரிந்த நாட்களில் இருந்திருக்கிறார், ஸார். போய்ப் பார்த்திருக்கலாம். போய் என்ன பேசியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

லீவு முடிந்து பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறும்போது ஐந்தாம் ஆசுவாசம் பாக்கி. "எடுத்துட்டுப் போ. போன்ல வாசி. கண்ணு கூசுது" என்றார் அப்பா. டாக்டர் படிக்கலாம் என்று சொல்லி இரண்டு நாளாகியிருந்தது.

தினமும் ராத்திரி எட்டரை மணிக்குப் போன். ஆண்டாள் வந்து, ஆறாவதில் திருக்குறுங்குடிப் பாணர் கதையும் வந்தது. பிரம்மராட்சசன் அவரைத் தின்னப் பார்க்கிறான். பெருமாளைப் பாடிவிட்டுத் திரும்பி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துப் போகிறார். சொன்னபடியே திரும்பியும் வருகிறார். திருப்பித் தருகிற விவகாரம் வந்தாலே எனக்குக் குரல் கம்மிவிடுகிறது. அவசரமாக வாசித்துக்கொண்டு போனேன்.

"டேய்" என்றார் அப்பா. "நடுவுல ஒரு பக்கத்தை விட்டுட்ட."

பார்த்தேன். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. பிரித்து, விட்ட பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.