இழைப்புளி நிற்கும் இடம்

புதிய மரப்பொருளைச் செய்வதைக் காட்டிலும் பழையதைச் செப்பனிடுவது கடினமானது. புதிது செய்யும் தச்சர் தம் விருப்பப்படி அறுக்கலாம்; இழைக்கலாம். பழையதில் கை வைப்பவரோ, முன்பு அதைச் செய்தவரின் வேலைத்திறனையும் பல்லாண்டு அதைப் பயன்படுத்தியவரின் வாழ்வையும் எண்ணிப்பார்க்க வேண்டியவர். எதை நீக்குவது, எதை விட்டுவைப்பது என்னும் தெளிவே இத்தொழிலின் உயிர்நாடி.

கடல் கடந்து வந்த தேக்கு

செட்டிநாட்டு ஊர்களில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் எழுந்த பெருவீடுகள் பலவற்றில் தூண், கதவு, பெட்டகம் ஆகியன பர்மாத் தேக்கால் ஆனவை. வணிகத்தின் பொருட்டுப் பர்மா சென்ற நகரத்தார் கப்பல்வழி அம்மரத்தைக் கொணர்ந்தனர். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. ஆதலால், கறையான் அதை எளிதில் அரிப்பதில்லை. 1930களின் பொருளாதார வீழ்ச்சியும், 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் அவ்வணிகத்தைக் குலைத்தன. காலப்போக்கில் வீடுகள் பங்கு பிரிந்தன, சில இடிக்கப்பட்டன. அவற்றிலிருந்த பொருள்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

விற்கப்படாமல் எஞ்சிய சாய்வு நாற்காலி ஒன்றை இளைஞர் ஒருவர் முதிய தச்சரிடம் கொண்டுவந்தார். அது அவருடைய பாட்டனார் அமர்ந்திருந்த நாற்காலி. அதன்மேல் யாரோ பச்சை வண்ணம் பூசியிருந்தனர். பின்னல் கிழிந்து தொங்கியது, பின்கால் ஒன்றின் அடி உளுத்திருந்தது, மூட்டுகள் ஆடின. “புதிதுபோல் ஆக்கித் தாருங்கள், ஐயா” என்றார் இளைஞர்.

பழுதும் தேய்வும்

தச்சர் உடனே உளியை எடுக்கவில்லை. நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒவ்வொரு மூட்டையும் அசைத்துப் பார்த்தார். துளையில் கழுந்தைச் செருகி, வச்சிரப் பசையால் இணைத்த பழைய வேலை அது. விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் காய்ச்சப்படும் அப்பசை சூட்டிலும் ஈரத்திலும் இளகும். எனவே, மரத்தை உடைக்காமலே மூட்டுகளைக் கழற்ற முடிந்தது.

பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அவற்றை உலர்நிலையில் தேய்த்தால் எழும் தூசு உடலுக்குக் கேடு. ஆகவே, மூக்கையும் வாயையும் காக்கும் முகமூடி அணிந்து, வண்ணத்தை இளக்கும் நீர்மத்தைப் பூசி, மழுங்கிய தகட்டால் மெல்ல வழித்தெடுத்தார். பச்சைக்குக் கீழிருந்து பொன்பழுப்பு நிறத்தில் தேக்கு வெளிப்பட்டது. பின்னர், உப்புத்தாளை மரத்தின் இழையோட்டத்தை ஒட்டியே தேய்த்தார். குறுக்கே தேய்த்தால் விழும் கீறல்கள் மெருகேற்றியபின் பளிச்செனத் தெரியும்.

வலக்கைப் பலகையின் நுனியில் ஆழமற்ற குழிவு ஒன்று இருந்தது. அதையும் இழைத்துச் சமன்செய்யுமாறு இளைஞர் கூறினார்.

“இழைக்க அரைமணி நேரம் போதும், தம்பி. பிறகு வேண்டுமென்று கேட்டால் என்னால் செய்து தர முடியாது. உங்கள் பாட்டனார் கை வைத்து வைத்துத் தேய்ந்த இடம் இது” என்றார் தச்சர்.

இளைஞர் அக்குழிவில் தம் விரல்களைப் பொருத்திப் பார்த்தார். அதை அப்படியே விட்டுவிடச் சொன்னார்.

பழுது வேறு, தேய்வு வேறு. உளுத்த கால் பழுது. அதை விட்டால் நாற்காலி விழும். கைபட்டு உண்டான குழிவு தேய்வு. அது மரத்தின் வலிமையைக் குறைக்கவில்லை. காலின் உளுத்த பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, அவ்விடத்தில் பழந்தேக்குத் துண்டொன்றைத் தச்சர் இணைத்தார். இணைப்பு உற்று நோக்குவார்க்குத் தெரிந்தது. அவர் அதை மறைக்க முயலவில்லை.

பழமையான கட்டடங்களைச் சீரமைப்பதற்காக 1964இல் வெனிஸ் நகரில் உருவான சாசனமும் இதையொத்த நெறியையே கூறுகிறது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும். புதிதாகச் சேர்க்கும் பகுதி பழையதோடு இசைந்திருப்பினும், வேறுபடுத்தி அறியத்தக்கதாய் அமைய வேண்டும் என்பது அதன் கருத்து.

அரக்கு மெருகு

நீரில் ஊறவைத்த பிரம்பால் புதிய பின்னல் அமைந்தது. இறுதியாக, மெருகேற்றும் வேலை தொடங்கியது. புரசு முதலிய மரங்களில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. தூய்மை செய்த அரக்குச் செதில்களைச் சாராவியில் கரைத்து, துணியில் பொதிந்த பஞ்சால் மெல்லிய பூச்சுகளாகப் பலமுறை தடவினார். ஒரு பூச்சு உலர்ந்த பின்னரே அடுத்தது.

இம்மெருகுக்குக் குறையும் உண்டு. சூடான குவளையை வைத்தால் வெண்தடம் விழும். இக்காலச் செயற்கைப் பூச்சுகள் இதனினும் உறுதியானவை. அன்றாடம் நீர்படும் மேசைக்கு அவையே ஏற்றவை. ஆயினும், அவற்றை நீக்கப் பெரும்பாலும் மரத்தையே சுரண்ட நேரிடும். அரக்கோ சாராவியில் மீண்டும் கரையும்.

செப்பனிடுபவர் தமக்குப் பின் வருபவரையும் நினைத்தே வேலை செய்கிறார். இன்னும் பல்லாண்டு கழித்து, வேறொரு தச்சர் இந்நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கக்கூடும். அவர் இம்மெருகைத் துணியால் துடைத்தெடுக்கலாம். வச்சிரத்தை இளக்கி மூட்டுகளைக் கழற்றலாம். காலில் சேர்த்த துண்டு எதுவெனக் கண்டுகொள்ளலாம். அவர் வேலை செய்வதற்கும் மரம் எஞ்சியிருக்கும்.