செங்கல்பட்டில் கேட்கும் திருநெல்வேலி

சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கு முன்பெல்லாம் வானொலியே ஊர் சொல்லிவிடும். மதுராந்தகம் ஏரியைத் தாண்டும்போது சென்னைப் பண்பலைகள் கரகரக்கத் தொடங்கும். திண்டிவனத்தில் புதுச்சேரி நிலையம் எட்டிப் பார்க்கும். உளுந்தூர்ப்பேட்டைக்கு அப்பால் வெறும் இரைச்சல். சமயபுரம் டோல்கேட் நெருங்க நெருங்கத் திருச்சி வரும். துவரங்குறிச்சி பக்கம் கொடைக்கானல் 100.5 கணீரென்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் மதுரை, விருதுநகர், சாத்தூர் என்று அதுதான் வழித்துணை. பண்பலை அலை நேர்கோட்டில் போகக்கூடியது. மலை மறித்தாலும் நின்றுவிடும், பூமியின் வளைவு மறித்தாலும் நின்றுவிடும். கடல் மட்டத்துக்கு மேல் 2,000 மீட்டர் உயரத்தில் மலை உச்சியில் நின்றுகொண்டு பேசுவதால்தான் கொடைக்கானலுக்கு அத்தனை மாவட்டங்களிலும் காது கிடைத்தது.

இப்போது பரனூர் டோல்கேட் வரிசையில் நிற்கும்போதே திருநெல்வேலி நிலையம் என் வண்டிக்குள் பேசிக்கொண்டிருக்கிறது. 1963இல் தொடங்கிய நிலையம் அது. அதன் மத்திய அலை பட்டப்பகலில் செங்கல்பட்டு வரைக்கும் வர வழியில்லை. பிரசார் பாரதியின் செயலியைத் திறந்து, ஊர்ப்பெயரைத் தொட்டு, ப்ளூடூத்தில் வண்டியோடு இணைத்துவிட்டால் போதும். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு இது யாருக்கும் எட்டுகிற காரியமாகிவிட்டது. 64 கிலோபிட் வேகத்தில் வரும் ஒலிபரப்புக்கு மணிக்கு 29 எம்.பி. கூடச் செலவாகாது. நெல்லை போய்ச் சேரும் பத்து மணி நேரமும் விடாமல் கேட்டாலும் 300 எம்.பி.க்குள் அடங்கிவிடும்.

இதில் கேட்கிற விதமே மாறிவிட்டது. பண்பலை விடைபெறும்போது சொல்லிக்கொண்டு போகும். குரல் மெல்ல மங்கும், இரைச்சல் ஏறும், இடையில் இன்னொரு நிலையத்தின் பாட்டு கொஞ்சம் கலக்கும், பிறகுதான் போகும். இணைய வானொலிக்கு அந்தப் பழக்கம் கிடையாது. ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கித்தான் அனுப்புகிறார்கள். ஃபோன் சில துண்டுகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாகப் பாடவிடுகிறது. டவர் இல்லாத இடத்துக்குள் வண்டி நுழைந்த பிறகும் கையிருப்பு தீரும்வரை குரல் துல்லியமாக ஒலிக்கும். தீர்ந்ததும் சொல்லின் நடுவிலேயே அறுந்துவிடும். வேறொரு பக்கம், சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலை ஏறும்போது 27 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் குரல் நிற்கும், எந்த வளைவில் திரும்ப வரும் என்று சொல்லவே முடியாது. அந்த இடத்தில் நான் வானொலியை அணைத்துவிடுவேன். காட்டுக்குள் யானை நடமாட்டம் உள்ள சாலை. அங்கே காது வெளியே இருக்க வேண்டும்.

இன்னொரு மாற்றம், நேரம். உளுந்தூர்ப்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் பலகைமேல் பழைய பெட்டி ஒன்றில் திருச்சி நிலையத்தின் மத்திய அலையை வைத்திருந்தார். செய்தி ஓடிக்கொண்டிருந்தது. என் வண்டியிலும் அதே திருச்சிதான். கதவைத் திறந்ததும் அவர் பெட்டியில் வாசித்து முடித்த செய்தியை என் வண்டி மறுபடியும் வாசித்தது. அரை நிமிடம் இருக்கும் இடைவெளி. கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். “என்னக்கா, இப்பத்தான வாசிச்சாங்க? திரும்ப வாசிக்கிறாங்க?” நெட் வழியாக வருவது பிந்தித்தான் வரும் என்று சொன்னேன். “அப்ப உங்க வண்டியில மணி பாத்து வைக்கக் கூடாது” என்றார். சரியான பேச்சு. செய்திக்கு முன்னால் ஒலிக்கும் நேர ஒலியைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்ட தலைமுறை அவருடையது. அவருடைய பெட்டிக்கு அலை வந்துசேர ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாது.

பாட்டுக்கென்றே எத்தனையோ செயலிகள் இருக்கும்போது ஏன் வானொலி என்று கேட்கிறார்கள். அந்தச் செயலிகள் நான் நேற்று கேட்டதை வைத்து இன்றைக்குப் பாட்டுப் போடுகின்றன. எனக்கு ஏற்கெனவே பிடித்தவை மட்டுமே என்னிடம் வந்துகொண்டிருக்கும். வானொலியில் அறிமுகமில்லாத ஒருவர், என்னை மனத்தில் வைக்காமல், ஊருக்கு என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். நான் வயல் வைத்திருக்கவில்லை. ஆனாலும் வேளாண் நிகழ்ச்சியில் ஒரு விவசாயி இலைச்சுருட்டுப் புழுவைப் பற்றிப் பேசினால் முழுதும் கேட்கிறேன். அறுபதுகளில் திருச்சி வானொலி சொல்லிச் சொல்லித்தான் தஞ்சைப் பக்கம் ஆடுதுறை 27 குறுவை நெல் பரவியது. ‘ரேடியோ நெல்’ என்றே அதற்குப் பெயர் விழுந்தது. ஒரு நிலையம் தன் ஊர்க்காரர்களோடு பேசினால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிடச் சாட்சி எனக்கு வேண்டியதில்லை. அந்தப் பேச்சைப் பக்கத்து ஊர்க்காரியாக ஒட்டுக் கேட்கும் வாய்ப்பை இணையம் தருகிறது. நான் அதைக் கேட்பது அதற்காகத்தான்.

அப்படிக் கேட்பதில் எனக்கு மிகவும் நெருக்கமானது இலங்கை.

எங்கள் ஊர் திசையன்விளை பக்கம், கடற்கரை கூப்பிடு தூரம். அப்பா காலத்தில் அங்கே வானொலி என்றால் இலங்கை வானொலிதான். பி.வி. கேஸ்கர் 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராகி ஆகாசவாணியில் சினிமாப் பாட்டுக்குக் கதவடைத்தபோது, கொழும்பு அதை அள்ளி வழங்கியது. 1957இல் சினிமாப் பாட்டோடு விவித் பாரதி வந்த பிறகும் தென்கோடியில் கொழும்பின் செல்வாக்கு குறையவில்லை. மத்திய அலை உப்புத் தண்ணீர்மேல் நன்றாகப் பயணம் போகும் என்பதால், சென்னையைவிடக் கொழும்புதான் எங்களுக்குத் தெளிவு. கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம் என்று அறிவிப்பாளர் பெயர்களை அப்பா சொந்தக்காரர் பெயர்போலச் சொல்வார். ‘பாட்டுக்குப் பாட்டு’ நடக்கும் நேரத்தில் எங்கள் தெருவில் யாரும் யாரையும் கூப்பிட மாட்டார்கள்.

அந்த ஒலிபரப்பு இன்று ‘தென்றல்’ என்ற பெயரில் இணையத்திலும் வருகிறது. தீவின் மற்ற தமிழ் நிலையங்களும் வருகின்றன. பாட்டுகளுக்காக நான் அவற்றை வைப்பதில்லை. அதே பாட்டுகள் இங்கேயும் கிடைக்கும். மரண அறிவித்தலுக்காக வைக்கிறேன். கேட்டிராதவர்களுக்குச் சொல்ல வேண்டும்: இலங்கைத் தமிழ் வானொலிகளில் இறந்தவரைப் பற்றிய அறிவிப்பை நிதானமாக வாசிப்பது நெடுநாள் வழக்கம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்டவர் காலமானார் என்று தொடங்கும். பிறகு உறவுகள். இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் பாசமிகு மனைவி, இன்னாரின் மாமியார், இன்னாரின் பெரிய தாயார், இன்னாரின் பேர்த்தி என்று முறை தவறாமல் அடுக்கிக்கொண்டே போவார்கள். பிள்ளைகள் பெயருக்குப் பின்னால் அவர்கள் இருக்கும் நாடு வரும்: கனடா, லண்டன், சுவிஸ், ஜெர்மனி. கடைசியில் இறுதிக் கிரியை எங்கே, எத்தனை மணிக்கு, எந்த மயானம் என்பது.

விக்கிரவாண்டி தாண்டி நாலு வழிச் சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது காரைநகரில் பிறந்து வவுனியாவில் வாழ்ந்த ஒரு பாட்டியின் வாழ்க்கை என் வண்டிக்குள் முழுசாக வந்து போகிறது. அந்த அம்மாளின் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் பிள்ளைகள் எந்தெந்தத் தேசத்தில் விழுந்தார்கள் என்பதிலிருந்து அந்தக் குடும்பம் எப்போது சிதறியிருக்கும் என்று கணக்கிட முடிகிறது. ஒரு மகனின் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று வரும்போது வேகத்தைக் குறைத்துவிடுகிறேன். எந்த வரலாற்று நூலும் இதை இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொன்னதில்லை. வாசிப்பவரின் குரலில் பதற்றமும் இருக்காது, சோகத்தை வலிந்து ஏற்றுவதும் இருக்காது. ஒவ்வொரு பெயருக்கும் உரிய இடைவெளி விட்டு, ஒரு பெயரும் விழுங்கப்படாமல் வாசிப்பார். அந்த மரியாதையை நான் வேறெந்த ஊடகத்திலும் பார்க்கவில்லை. டொரண்டோவில் பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு அதே அறிவித்தலைக் கேட்கும் பேரன் ஒருவன் இருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

விடியலுக்கு முன் புறப்படுகிற நாட்களில் உலகம் வேறு மாதிரி இருக்கிறது. இங்கே மூன்று மணி என்றால் சிங்கப்பூரில் ஐந்தரை, ஒலி 96.8இல் காலைப் பொழுது தொடங்கப் போகிறது. டொரண்டோவில் கோடைக்காலமானால் முந்தின நாள் மாலை ஐந்தரை. வேலை முடித்துத் திரும்புகிறவர்களுக்காகத் தமிழ் வானொலிகள் பேசிக்கொண்டிருக்கின்றன. இங்கே சாலையில் லாரிகளைத் தவிர யாரும் இல்லை. எங்கோ நெரிசலில் நிற்கிறவர்களுக்குச் சொல்லப்படும் தமிழ் என் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறது. பாட்டைவிடப் பேச்சுக்கு அந்தச் சக்தி அதிகம் என்பது என் அனுபவம். ஆனால் தூக்கம் சொக்கினால் எந்த நிலையமும் காப்பாற்றாது. வண்டியை ஓரம்கட்டித்தான் ஆக வேண்டும்.

2016இல் நெதர்லாந்தில் தொடங்கிய ‘ரேடியோ கார்டன்’ உலக உருண்டையைத் திரையில் சுழலவிடுகிறது. அதில் ஒவ்வொரு பச்சைப் புள்ளியும் வானொலி உள்ள ஊர். பொழுதுபோக்காகச் சுழற்றிக் கேட்க அருமையானது. வீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் அதைச் செய்ய வேண்டும். வண்டி நகர ஆரம்பித்த பிறகு ஃபோனைத் தொடுவது குற்றம், அபராதம் என்பதெல்லாம் ஒரு பக்கம். கண்ணை எடுக்கிற இரண்டு விநாடியில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நாற்பது மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. புறப்படும்முன் ஒரு நிலையத்தை வைத்துவிட வேண்டும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அடுத்த டீக்கடை வரைக்கும் அதுதான். அந்தக் கட்டாயத்தில்தான் வேளாண் நிகழ்ச்சியும் மரண அறிவித்தலும் எனக்கு அறிமுகமாயின.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். இணைய வானொலி என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒரு நடிகர் பெயரிலோ இசையமைப்பாளர் பெயரிலோ இரவு பகலாகப் பாட்டு மட்டும் ஓடும் நிலையங்கள் பெருகிவிட்டன. ஒரு மனிதக் குரல் கிடையாது. எந்த ஊர், என்ன நேரம், வெளியே மழையா வெயிலா, ஒன்றும் தெரியாது. அவற்றை வானொலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொந்த அறிவிப்பாளர்களை வைத்திருக்கும் நிலையங்களோ செலவுக்குத் திண்டாடுகின்றன. அப்படி ஒரு நிலையத்தின் ஒலிபரப்பு இணையத்தில் வாரக்கணக்கில் அறுந்து கிடந்தது; எழுதிக் கேட்டேன், பதில் இல்லை. நெட்டில் கேட்கிறவர் எத்தனை பேர் என்று யாரோ நினைத்திருக்கலாம்.

எத்தனை பேர் என்று எனக்கும் தெரியாது. ஒருவரை எனக்குத் தெரியும். நாமக்கல் லாரிக்காரர், விக்கிரவாண்டி பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் எதிரே உட்கார்ந்திருந்தார். அவருடைய ஃபோனில் கொடைக்கானல் பண்பலை. நாக்பூருக்கு அந்தப் பக்கம் போனாலும் இதைத்தான் வைப்பாராம். “போன மாசம் குஜராத் ரோட்ல இருந்தேங்க. சேலம், நாமக்கல்ல மழைன்னு இதுலதான் சொன்னாங்க. வீட்ல மொட்ட மாடில கடல காயப் போட்டிருந்தது. ஒடனே போன் போட்டு அள்ளச் சொன்னேன்” என்றார். அள்ளினார்களா என்று கேட்டேன். “பாதி நனைஞ்சிருச்சுங்க, பாதி தப்பிச்சது.” நான் என்ன கேட்பேன் என்று அவர் கேட்டார். இலங்கை வானொலி என்றதும் அவருடைய அம்மாவும் அதைக் கேட்பாராம், இப்போதும் வருகிறதா என்று நிமிர்ந்தார். ஃபோனை வாங்கி, தேடி எடுத்து, மேலேயே நிற்கும்படி வைத்துக் கொடுத்தேன். அம்மாவுடைய ஃபோனில் எப்படிப் போடுவது என்று இரண்டு முறை கேட்டு, இலைக்குப் பக்கத்திலேயே வைத்துத் தானே ஒருமுறை செய்து பார்த்துக்கொண்டார்.