செவிவழி வாணிகம்

விற்பவர் வாய் திறவாதவிடத்து நல்ல பொருளும் விலைபோவது அரிது. சந்தையிலே மரக்கறி விற்கும் பெண்ணின் கூவலும், ஒழுங்கையிலே மீன் வியாபாரியின் ஊதுகுழல் ஓசையும், ஒலிபெருக்கி பூட்டிய வாகனத்தின் ஆரவாரமும் வாணிகத்தின் குரல்களேயாம். 1950இல் இலங்கை வானொலி தன் வர்த்தக சேவையை ஆரம்பித்தபோது இக்குரல் கடல் கடந்தும் செல்லலாயிற்று. 1952 முதல் அங்கு ஒலித்த 'பினாக்கா கீத்மாலா' என்னும் இந்திப் பாடல் நிகழ்ச்சி, ஒரு பற்பசையின் பெயரை இந்தியத் துணைக்கண்டமெங்கும் வீட்டுச் சொல்லாக்கிற்று. ஆயின், வானொலியின் நேரத்தை விலைகொடுத்து வாங்க வல்லவர் பெருநிறுவனத்தாரே. சிறுவியாபாரிக்கு அவ்வாசல் பெரிதும் அடைபட்டே இருந்தது.

இன்று வேறொரு வாசல் திறந்துள்ளது. 'பொட்காஸ்ட்' என்னும் சொல் 2004இல் ஆங்கிலப் பத்திரிகைக் கட்டுரையொன்றிலே தோன்றியது. 2005இல் அப்பிள் நிறுவனம் தனது ஐடியூன்ஸில் அதற்கு இடமளித்த பின்னர் விரைந்து பரவியது. பேச்சைப் பதிவுசெய்து இணையத்தில் வைத்தால், விரும்பியவர் தமக்கு வாய்த்த வேளையிலே கேட்கலாம். ஒரு கைத்தொலைபேசியும் சந்தடியற்ற ஓர் அறையும் இதற்குப் போதும்.

இதன் பயனை நான் நூல்வழி அறிந்தேனல்லேன். வடமராட்சியில் வாழும் என் மாமி ஒடியல் மா, பனங்கட்டி, பினாட்டு ஆகியவற்றைப் பொதிசெய்து விற்றே தம் பிள்ளைகளைப் படிப்பித்தவர். ஊரிலே அவரது மாவுக்குக் குறை சொல்வாரில்லை. கொழும்பிலே வாங்கியவர்களோ மீண்டும் கேட்டிலர். காரணம் எளிது. பனங்கிழங்கைப் பிளந்து பச்சையாகக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியல் மாவை நீரில் ஊறவிட்டு, மேலே தெளியும் நீரை வடித்தால்தான் அதன் கசப்பு நீங்கும். இதனை அறியாதார் மாவை நேரே கூழிலிட்டு, கசக்கின்றதென்று ஒதுக்கினர். குறை மாவிலன்று, மாவுடன் செல்லவேண்டிய அறிவு உடன் செல்லாமையே குறை.

பேசிப் பதிவுசெய்யுமாறு நான் வேண்டியபோது, "என்ர மாவை நானே புழுகவோ, மோனை?" என்றார் மாமி. புழுக வேண்டாம், கூழ் காய்ச்சும் முறையைச் சொன்னாற் போதும் என்றேன். மீனும் நண்டும் இறாலும் எப்போது இடுவது, பயற்றங்காயும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் எவ்வளவு வேகவேண்டும், கரைத்த மாவையும் புளியையும் எப்போது சேர்ப்பது என்று அடுப்படியிலே மருமகளுக்குச் சொல்வதுபோலவே பத்து நிமிடம் பேசினார். பனையோலைப் பிளாவிலே கூழ் குடித்த காலத்தையும் இடையிடையே நினைவுகூர்ந்தார். தம் மாவை ஓரிடத்திலேனும் புகழ்ந்தாரில்லை.

கேட்டவர் சிலரே. வட்ஸ்அப்பிலே பகிர்ந்தும், பொதியின்மேல் அச்சிட்டும் நாமே அறிவிக்க வேண்டியிருந்தது. இணையம் தானாக எவரையும் அழைத்து வருவதில்லை. கிழமைதோறும் தவறாது பேசுவதும் இலேசான காரியமன்று. எனினும், கேட்ட சிலர் மீண்டும் வாங்கினர். பெருநிறுவனத்துக்கு இலட்சம் செவிகள் வேண்டும். மாமிக்கோ மாதந்தோறும் வாங்கும் ஐம்பது வீடுகள் போதும். பொட்காஸ்ட் சிறுதொழிலுக்குப் பொருந்துவது இதனாலேயே என்பது என் துணிபு.

ஆயினும் இதனுள்ளே ஓர் இடருமுண்டு. நீரிழிவை ஒடியல் மா மாற்றும் என்று ஒரு சொல் சொன்னால் விற்பனை பன்மடங்காகும் என உறவினர் ஒருவர் மாமிக்கு யோசனை கூறினார். அவ்வாண்டு மூத்த மகளின் படிப்புச் செலவு கழுத்தை நெரித்த காலம். "தெரியாததை எப்பிடிச் சொல்லுறது? என்ர குரல் அதில கிடக்குமெல்லோ" என்று மறுத்துவிட்டார். அடுத்த பதிவிலே, பினாட்டு முடிந்துவிட்டது, இனிப் பனம்பழக் காலத்திலேதான் கிடைக்கும் என்றே சொன்னார். சந்தையிலே கூறிய பொய் காற்றோடு போகும். பதிவான பொய், கூறியவரின் குரலிலேயே நிலைத்துநிற்கும். காசு கொடுத்து அமர்த்திய குரலுக்கு இக்கூச்சம் இராது.

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றுமிடத்து அவர்தம் நடுவுநிலையையும் போற்றுகின்றது. விற்பவரும் வாங்குபவரும் முகம் காணும் அங்காடியிலே அந்நடுவுநிலைக்கு ஊரே சாட்சி. முகம் காணா இக்கால வாணிகத்திலே குரலொன்றே சாட்சி. நம் ஊர்களிலே நல்லெண்ணெய் ஆட்டுவோரும், பாய் இழைப்போரும், மட்பாண்டம் வனைவோரும் தம் தொழிலைப் பற்றி மணிக்கணக்கிற் பேச வல்லவர்கள். அவர்களுக்கு விளம்பர வசனம் எழுதிக் கொடுப்பதல்ல, அவர்கள் பேச்சைக் குலைக்காமற் பதிந்து கொடுப்பதே பல்கலைக்கழகத்து இளைஞர் செய்யத்தக்க உதவியாகும்.