கருப்பு மருதாணி

பெருநாளுக்கு முந்திய இரவில் மருதாணி அரைபடும் ஓசை கேளாத இல்லம் நம் சமுதாயத்தில் ஒரு காலத்தில் அரிதாகவே இருந்தது. கொல்லைப்புறத்து இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கும் கிராம்பும் சிறிது புளியும் கூட்டி, அம்மியில் வெண்ணெய்போல் அரைத்து, உள்ளங்கையில் ஒரு பெரிய வட்டமும் அதைச் சுற்றிச் சிறு புள்ளிகளுமாக இட்டுக்கொண்டு, பெண் மக்கள் கையை அசைக்காமல் உறங்கப் போவார்கள். காலையில் கழுவிப் பார்த்தால் நிறம் செம்மஞ்சளாகத்தான் இருக்கும். "பற்றவில்லையே" என்று சிறுமியர் முகம் வாடுவார்கள். அன்று மாலையிலும் மறுநாளிலும் அதுவே மாதுளைச் சிவப்பாக மாறிவிடும். இலையிலுள்ள லாசோன் என்னும் சாயப்பொருள் தோலின் மேலடுக்கிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொண்டு, காற்றுப்படப்பட மெல்ல மெல்ல ஆழ்ந்து நிறங்கொள்வதே இதற்குக் காரணம். நாம் எவ்வளவு அவசரப்பட்டாலும் இலை அவசரப்படுவதில்லை.

அவசரக்காரர்களுக்கென்று வந்ததுதான் கருப்பு மருதாணி. வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பயணப் பெட்டிகளில் சென்ட்டு புட்டிகளோடு இதுவும் வந்து சேர்ந்தது. இன்று நம்மூர் அழகு நிலையங்களிலும் கோன் கோனாகக் கிடைக்கிறது. இட்ட ஒரு மணி நேரத்திற்குள் மை போன்ற கருநிறம் கொடுத்துவிடும். ஆனால் மருதாணி இலை எந்நாளும் தானாகக் கன்னங்கருப்பைத் தருவதில்லை. அந்தக் கருமை பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் சேர்க்கப்படும் பாராஃபினிலீன்டையமின், சுருக்கமாக பி.பி.டி., என்னும் இரசாயனத்தின் கைவேலை. முடிச் சாயத்திலேயே இது 2 விழுக்காட்டிற்கு மேல் தலையில் படலாகாது என்று ஐரோப்பிய ஒன்றியம் வரம்பு கட்டியிருக்கிறது. தோலின்மீது நேரே பூசுவதற்கு அங்கும் அனுமதியில்லை, அமெரிக்காவிலும் இல்லை. கருப்பு மருதாணிக் குழம்புகளைச் சோதித்தவர்களோ, சில மாதிரிகளில் 15 விழுக்காட்டிற்கும் மேலாக அது கலந்திருக்கக் கண்டிருக்கின்றனர்.

நம் சகோதரியின் மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னால் இதன் போக்கு விளங்கும். ஒரு பெருநாளுக்கு அவள் முதன்முறையாக இதை இட்டுக்கொண்டாள். ஒன்பது நாட்கள் வரை ஒன்றுமில்லை. பிறகு கோலம் இருந்த இடத்தில் இலேசான அரிப்பு தோன்றி, தானே அடங்கிவிட்டது. அதை எவரும் பொருட்படுத்தவில்லை. மறு ஆண்டு நிக்காஹ் நிச்சயமாகியிருந்த வேளையில், தோழியர் வற்புறுத்தலுக்கிணங்கி மீண்டும் இட்டாள். இம்முறை ஒரே நாளில் கை வீங்கிற்று. மறுநாள் கொடியும் பூவும் வரைந்த அதே வரிகளில், ஓவியர் ஒருவர் நீர்க்கொப்புளத்தால் வரைந்தாற்போல், கொப்புளங்கள் எழுந்து நின்றன.

வீடு நிறைய மருத்துவர்கள் ஆகிவிட்டார்கள். கண்ணேறு என்றார் ஒருவர். கருவாடும் கத்திரிக்காயும் தின்றதால் கிளம்பிய கரப்பான் என்றார் இன்னொருவர். இரத்தம் கெட்டுவிட்டது, பேதிக்குக் கொடுங்கள் என்றார் மூன்றாமவர். அழுக்குப் போகட்டும் என்று சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் விட்டார்கள், எரிச்சல் இரட்டித்தது. இவையெல்லாம் அறியாமை என்று விட்டுவிடலாம். அவள் மடியிலிருந்த கைக்குழந்தையை அண்டை வீட்டார் ஒருவர், "ஒட்டிக்கொள்ளும்" என்று மெல்லச் சொல்லித் தூக்கிக்கொண்டு போனாரே, அதைத்தான் அந்தப் பெண்ணால் தாங்க முடியவில்லை. அன்று முதல் பொதுத் தாம்பாளத்தில் கை வைக்க மறுத்துத் தனித் தட்டில் உண்ணத் தொடங்கினாள்.

சொறி சிரங்கு வேறு, ஒவ்வாமை வேறு. முன்னது கிருமியாலோ சிற்றுயிராலோ வருவது, தொட்டால் பரவும். பின்னதில் பரவுவதற்கு எதுவுமே இல்லை. அது உடம்பின் நினைவாற்றல். புறப்பொருள் ஒன்று தோலினுள் புகும்போது, உடலின் காவல் அணுக்கள் சிலருக்கு அதைப் பகையென்று எண்ணிக் குறித்து வைத்துக்கொள்கின்றன. அந்தக் குறிப்பு எழுதி முடிய ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். முதன்முறை ஒன்பதாம் நாள் அரித்ததும், மறுமுறை ஒரே நாளில் வெடித்ததும் இதனால்தான். ஒருமுறை எழுதப்பட்டது பெரும்பாலும் ஆயுள் முழுதும் அழிவதில்லை. 1906இல் வியன்னா நகரத்து மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்க்கே என்பார் இத்தகைய மாறுபட்ட எதிர்வினைக்கு 'அலர்ஜி' என்று பெயர் சூட்டினார். பெயர்தான் புதிது. 9ஆம், 10ஆம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த பேரறிஞர் அல்-ராஸி, வசந்தத்தில் ரோஜா மலரை முகர்ந்தால் அபூ ஸைத் அல்-பல்கீ அவர்களுக்கு மூக்கு ஒழுகுவது ஏன் என்று ஆராய்ந்து தனியாகவே ஒரு கட்டுரை வரைந்திருக்கிறார். எல்லோருக்கும் இன்பமான ரோஜா ஒருவருக்கு மட்டும் ஏன் துன்பமாகிறது என்று அன்றே கேட்டார்கள். நாம் இன்னும் கத்திரிக்காயில் நிற்கிறோம்.

தோல் மருத்துவரிடம் போனபின் புண் அடங்கப் பூச்சும் மாத்திரையும் கொடுத்தார். ஆறிய சில வாரங்களுக்குப் பிறகு ஒட்டுச் சோதனை செய்தார். ஐயத்திற்குரிய பொருள்களைச் சிறு வில்லைகளில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பது. பின்னும் ஓரிரு நாள் கழித்து மறுபடி பார்ப்பது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாடசோன் என்னும் மருத்துவர் தொடங்கி வைத்த முறை இது. இன்றும் இதற்கு ஈடான வழியில்லை. பி.பி.டி. வில்லை இருந்த இடம் தடித்துச் சிவந்திருந்தது. இனி அவள் கருப்பு மருதாணியை மட்டுமல்ல, முடிச் சாயத்தையும் ஆயுள் முழுதும் தொடலாகாது. சில கரும் ஆடைச் சாயங்களும், மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் மருந்தும், சிலவகைக் கருப்பு ரப்பரும்கூட அவளுக்கு ஒவ்வாமற் போகலாம். இவற்றை மருத்துவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

இத்தகைய மேனியைப் பேணுவது பெரிய வித்தையன்று. தோல் என்பது செங்கலும் சாந்துமாகக் கட்டிய சுவர். சாந்து கரைந்தால் ஈரம் வெளியேறும், வேண்டாதவை உட்புகும். ஆகவே கொதிக்கும் வெந்நீரும், மணம் மிகுந்த சவர்க்காரமும், பீர்க்கை நாரால் தேய்த்தலும் ஆகா. வெதுவெதுப்பான நீரில் குளித்து, துண்டால் ஒற்றி எடுத்து, ஈரம் உலருமுன் வாசனையில்லாத களிம்பைத் தடவுவது போதும். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். உறக்கத்தில் சொறிவதை எவராலும் தடுக்க முடியாது. ஸ்டீராய்டு பூச்சைக் கண்டு அஞ்சித் தொடாமலே புண்ணை வளர்ப்பாரும் உண்டு. அதையே முகம் வெளுக்குமென்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பூசி, தோல் மெலிந்து இரத்தநாளம் தெரிய நிற்பாரும் உண்டு. மருத்துவர் சொன்ன அளவும் நாளும் மட்டுமே அதற்கு வரம்பு.

இலை மருதாணி பெரும்பாலோருக்குத் தீங்கற்றது. ஆயினும் ஒன்று கூறவேண்டும். ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு, தூய மருதாணிகூட இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடக்கூடும். பச்சிளங் குழந்தையின் உள்ளங்காலில் அழகுக்காக அப்பிவிடும் பழக்கத்தை நம் தாய்மார்கள் விட்டுவிடலாம்.

கொப்புளம் ஆறிய இடத்தில் கொடியும் பூவும் வெளிறிய தடங்களாக மாதக்கணக்கில் நின்றன. நிக்காஹ் நெருங்கியது. நீண்ட கை வைத்த ரவிக்கையும் கையுறையும் தைத்து மறைத்துவிடலாம் என்றாள் பெண்ணின் உம்மா. "தோல் நோய்க்காரி என்று திருப்பி அனுப்பிவிட்டால்?" என்பது அவளது அச்சம். வாப்பா அதற்கு இசையவில்லை. மருத்துவர் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு, நம்மையும் உடனழைத்து, மாப்பிள்ளை வீட்டிற்கே நேராகச் சென்றார். நடந்ததை மறைக்காமல் சொல்லி, தாளையும் விரித்து வைத்தார்.

மாப்பிள்ளையின் தாயார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை நெடுநேரம் படித்தார். நமக்கெல்லாம் மூச்சே நின்றுவிட்டது. பிறகு மெல்லத் தலை நிமிர்ந்து, முடிச் சாயம் என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார்:

"காக்கா, மாதா மாதம் சாயம் போட்ட மறுநாள் எனக்குக் கண் இரண்டும் வீங்கிப்போகுது. இரவு விழிப்பு என்றல்லவா இவ்வளவு காலமும் இருந்தேன். அந்த டாக்டர் எந்த ஊரில் இருக்கிறார்?"