புகையின் செலவு யார் கணக்கில்?

வணிகவியல் படிக்கும் எல்லோருக்கும் முதலாண்டிலேயே சொல்லித் தரப்படும் பாடம் ஒன்று உண்டு. செலவு என்று ஒன்று நடந்தால் அது ஏதாவது ஒரு கணக்கில் ஏறியே ஆக வேண்டும். ஆனால் ஒரு செலவு மட்டும் எந்த நிறுவனத்தின் இலாப நட்டக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதுதான் புகை. நிலக்கரி வாங்கியதற்கு ரசீது இருக்கும், டீசல் போட்டதற்கும் ரசீது இருக்கும். ஆனால் அந்தப் புகையைச் சுவாசித்தவர் மருந்துக் கடையில் கொடுக்கும் பணம் அவருடைய சொந்தச் செலவு! ஒருவர் செய்யும் காரியத்தின் செலவை, அதில் சம்பந்தமே இல்லாத இன்னொருவர் சுமப்பதைப் பொருளாதாரத்தில் புறவிளைவு என்பார்கள். இதற்கு டெல்லியைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

டெல்லியின் காற்று கெட்டதற்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்லிவிட முடியாது. வாகனப் புகை, அனல் மின் நிலையங்கள், செங்கல் சூளைகள், கட்டுமானத் தூசி, குப்பை எரிப்பு, விறகடுப்பு என்று எல்லாமே ஆண்டு முழுவதும் உண்டு. குளிர்காலம் வந்தால் காற்றின் வேகம் குறைந்துவிடும். தரையை ஒட்டிய குளிர்ந்த காற்றின் மேல் வெப்பமான காற்று மூடி போட்டது போல நின்றுவிடும். புகை மேலே போக வழியிருக்காது.

அதே நேரத்தில்தான் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் தாளை எரிக்கும் புகையும் வந்து சேருகிறது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். நிலத்தடி நீர் வற்றுகிறது என்பதால், கோடையில் முன்கூட்டியே நெல் நடக் கூடாது என்று அந்த இரு மாநிலங்களும் 2009-ல் சட்டம் கொண்டுவந்தன. நல்ல நோக்கம்தான். ஆனால் நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே சில வாரங்களே மிச்சம். அறுவடை இயந்திரம் விட்டுச் செல்லும் தாளை அகற்ற ஆளும் பணமும் வேண்டும், தீ வைக்க ஒரு தீக்குச்சி போதும். தண்ணீரைச் சேமித்த கணக்கில் புகை சேர்க்கப்படவே இல்லை.

சரி, இந்தப் புகை உடம்புக்குள் என்ன செய்கிறது? பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள் தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம் வரை போய், அதில் ஒரு பகுதி இரத்தத்திலும் கலந்துவிடும். ஆஸ்துமா மட்டுமல்ல, மாரடைப்பும் பக்கவாதமும்கூட இதனால் அதிகரிக்கின்றன. வெளிக்காற்று மாசைப் புற்றுநோய்க் காரணி என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-ல் அறிவித்தது. ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் இந்தத் துகள் இருக்கக் கூடாது என்பது அந்த நிறுவனத்தின் 2021-ம் ஆண்டு வழிகாட்டுதல். இந்தியாவின் வரம்பு 40. டெல்லியின் சராசரியோ அண்மை ஆண்டுகளில் 100-ஐ ஒட்டியே இருக்கிறது.

இத்தனைக்கும், கட்டுப்படுத்தவே முடியாது என்றில்லை. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985-ல் தொடர்ந்த பொதுநல வழக்கில், நகரப் பேருந்துகள் அனைத்தையும் 2001 மார்ச் 31-க்குள் சி.என்.ஜி.க்கு மாற்ற வேண்டும் என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எளிதில் நடக்கவில்லை. எரிவாயு நிலையங்களில் நீண்ட வரிசைகள், பேருந்து கிடைக்காமல் அவதிப்பட்ட மக்கள், கால நீட்டிப்புகள்... ஆனால் 2002 ஏப்ரலில் நீதிமன்றம் கண்டிப்பானது. டீசலில் ஓடும் ஒவ்வொரு பேருந்துக்கும் நாளொன்றுக்கு 500 ரூபாய், 30 நாட்களுக்குப் பிறகு 1000 ரூபாய் என்று விதித்தது. அந்த ஆண்டு இறுதிக்குள் டெல்லியின் நகரப் பேருந்துகளில் டீசல் இல்லாமல் போனது. மாற்று எரிபொருள், கெடுத் தேதி, தவறினால் பணம் என்ற மூன்றும் சேர்ந்ததால்தான் இது முடிந்தது. புகையின் செலவு முதன்முறையாகப் பேருந்து உரிமையாளரின் கணக்கில் ஏறியது.

பிறகு ஏன் மீண்டும் மோசமானது? பேருந்துகள் மாறின, ஆனால் மற்ற வாகனங்கள் பெருகின. 2018-க்குள் டெல்லியில் பதிவான வாகனங்கள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டன. விவசாயிக்காகவும் சரக்கு லாரிக்காகவும் விலை குறைத்து விற்கப்பட்ட டீசலை, 2014-ல் விலைக் கட்டுப்பாடு நீங்கும் வரை சொகுசுக் கார்களும் நிரப்பிக்கொண்டன.

அனல் மின் நிலையங்களின் கதை இன்னும் மோசம். 2015 டிசம்பரில் புதிய உமிழ்வு விதிகள் வந்தன. இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அது முடிந்ததும் நீட்டிப்பு, பிறகு மீண்டும் நீட்டிப்பு. கடைசியில் 2025 ஜூலையில், கந்தக டை ஆக்சைடை நீக்கும் கருவி பொருத்துவதிலிருந்து பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்கே அளிக்கப்பட்டது. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, கருவிக்குச் செலவு அதிகம், மின் கட்டணம் உயரும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். அந்த வாயு காற்றில் நுண்துகளாக மாறும் என்பதும் உண்மைதானே? கருவி வாங்காமல் மிச்சமான பணத்துக்குக் கணக்கு இருக்கிறது, சுவாசித்தவருக்கு ஆன செலவுக்குக் கணக்கு இல்லை.

மாசு உச்சத்துக்குப் போகும் நாட்களில் கட்டுமான வேலைகள் நிறுத்தப்படுகின்றன. அன்று கூலி போவது சித்தாளுக்கு. வசதியுள்ளவர்கள் வீட்டில் காற்றுச் சுத்திகரிப்பான் வைத்துக்கொள்ள, போக்குவரத்துக் காவலரும் ஆட்டோ ஓட்டுநரும் நடைபாதை வியாபாரியும் நாள் முழுவதும் தெருவிலேயே நிற்கிறார்கள். புகையை உண்டாக்கியதில் மிகக் குறைந்த பங்கு உள்ளவர்கள்தான் அதற்கு மிக அதிக விலை கொடுக்கிறார்கள்.

2002-ல் டெல்லி காட்டியது ஒன்றுதான்: புகைக்கு விலை வைத்து, அதை உண்டாக்குபவரிடமே வசூலித்தால் புகை குறையும். அந்தச் செலவு நோயாளியின் மருந்துச் சீட்டிலேயே இருக்கும்வரை, விதிகள் காகிதத்தில் இருக்கும், புகை காற்றில் இருக்கும்.